ஒடீலின் உயரத்தில் ஒரு சமையலறை

1

இந்தக் கதை ஒரு கேள்வியாகத்தான் என் கையில் வந்து விழுந்தது. மருந்துக்கடையின் பின்னறையில் நானும் என்னோடு வேலை பார்க்கும் ஜினெத்தும் பெட்டிகளைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தோம். மேல் தட்டுக்கு எக்கிக்கொண்டிருந்தவள் பாதியிலேயே கையை இறக்கிக்கொண்டு கேட்டாள்:

"ஏய், ஒருத்தி வீட்டை விட்டுப் போனதுக்கப்புறம் அவ உயரம் எத்தனை வருஷம் அங்க தங்கும்?"

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் எழுதிய தொடக்கம் இது: "வளைகுடாவைப் பார்த்து நின்ற அந்த மஞ்சள் வீட்டில் ஒவ்வொரு பொருளும் தன் பழைய எஜமானியை நினைத்து ஏங்கி..."

நிறுத்திவிட்டேன். பொருள்கள் ஏங்குவதில்லை. வைத்த இடத்தில் சும்மா இருக்கின்றன. ஜினெத்தின் தொல்லையே அவை அப்படிச் சும்மா இருந்ததுதான்.

இரண்டாவது தொடக்கம்: "பொறாமை என்பது..."

அதற்கு மேல் எழுத வெட்கமாக இருந்தது. பொறாமை என்னவென்று தெரியாத ஆள் யாரும் இதைப் படிக்கப்போவதில்லை. நேராகக் குளியலறைக் கண்ணாடிக்குப் போய்விடலாம்.

2

கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்த மறுநாள் காலை, ஜினெத் கண்ணாடியில் தன் நெற்றியைப் பார்த்தாள். நெற்றி மட்டும்தான். புருவத்துக்குக் கீழே கண்ணாடி முடிந்துவிட்டது. பல் துலக்கியபடியே எக்கினாள். கண்கள் வந்தன. இன்னும் எக்கினாள். மூக்கு வந்தது. வாய் வரவில்லை. நாற்பத்தாறு வயதில் இரண்டாம் தாரமாக வந்த பெண், தன் சிரிப்பைத் தானே பார்க்க முடியாமல் குளியலறையை விட்டு வெளியே வந்தாள்.

சமையலறையில் மேடை அவள் விலாவை இடித்தது. பாத்திர அலமாரியின் கீழ்த்தட்டே அவளுக்கு மேல்தட்டு. சிங்க்குக்கு மேலே இருந்த ஜன்னலில் வானம் தெரிந்தது. வானம் மட்டும்.

அவள் கணவன் ரெயால், நெடுஞ்சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவன். பிரெஞ்சு பேசும் இந்தக் கடற்கரையில் முக்கால்வாசிப் பேரைப் போல அவனும் தன் வீட்டைத் தானே கட்டினான். தன் முதல் மனைவி ஒடீலுக்காகக் கட்டினான். ஒடீல் நல்ல உயரம். ரெயாலைவிட அரைத்தலை அதிகம். அவளை நிற்கவைத்து, முழங்கையை அளந்து மேடை போட்டான். கண்ணை அளந்து ஜன்னல் வைத்தான். அப்படி அளந்து கட்டிய வீட்டில் பத்தொன்பது வருஷம் இருந்துவிட்டு, ஒடீல் வளைகுடாவுக்கு அக்கரையில் இருக்கும் லியோனெல் வீட்டுக்குப் போய்விட்டாள். லியோனெல் பள்ளிக்கூடத் தலைமையாசிரியர். அந்த வருஷம் ஞாயிறு பூசை முடிந்து தேவாலயப் படிக்கட்டில் நின்றவர்களுக்கு வேறு பேச்சே இல்லை.

ஜினெத் இரண்டு ஊர் தள்ளிப் பிறந்தவள். எல்லாவற்றையும் அறிந்துதான் வந்தாள். போனவள் போய்விட்டாள் என்று நினைத்தாள்.

வீட்டைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். ரெயாலின் முகவாயைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. வேலை முடிந்து வந்ததும் அவன் முத்தமிட வருவான். ஆசையாகத்தான் வருவான். ஆனால் அருகில் வந்ததும் அவன் முகவாய் ஒரு கணம் மேலே தூக்கும். அங்கே காற்றுதான் இருக்கும். பிறகு நினைவு வந்து குனிவான்.

"ஒவ்வொரு தடவையும் அவளுக்கு ஒண்ணு குடுத்துட்டுதான் எனக்கு வருது" என்றாள் என்னிடம்.

[இந்த இடத்தில் மூன்று பத்தி எழுதியிருந்தேன். ஒரே நாற்காலியில் பல வருஷம் உட்கார்ந்தால் நாற்காலியும் குழிகிறது, முதுகும் வளைகிறது. எது எதை வளைத்தது என்று பிரித்துச் சொல்ல முடியுமா என்றெல்லாம். நல்ல பத்திகள்தான். ரெயாலின் முகவாயை எழுதிய பிறகு அவற்றுக்கு வேலை இல்லாமல் போய்விட்டது.]

3

கூட்டுறவுக் கடையில் கருப்பஞ்சாற்றுப் பாகு டப்பாக்கள் மேல் அடுக்கில் இருந்தன. ஜினெத் தள்ளுவண்டியின் கம்பியில் ஒரு காலை வைத்து ஏறப் பார்த்தபோது, தலைக்கு மேலே ஒரு நீண்ட கை வந்தது.

"பெருசா, சின்னதா?"

ஒடீல். சிவப்புக் கம்பளிக் குல்லா, அகலச் சிரிப்பு.

"பெருசு" என்றாள் ஜினெத். வேறென்ன சொல்வது?

ஒடீல் டப்பாவை எடுத்து அவள் வண்டியில் வைத்தாள். "ரெயாலுக்கு இதைப் பார்த்தாலே உயிரு. ரொட்டியில ஊத்திக் குடுத்தா சோறே வேணாம்பான். சரி, சமையலறை ஜன்னல் இப்பவும் ஒட்டிக்குதா?"

"எந்த ஜன்னல்?"

"சிங்க்குக்கு மேல இருக்கே. ஈரக் காத்து அடிச்சா அசையவே அசையாது. எடப் பக்கம் கீழே ஒரு தட்டு தட்டிட்டுத் தூக்கு. வந்துடும்."

"தெரியும்" என்றாள் ஜினெத். தெரியாது. குளிர்காலம் முழுக்க அந்த ஜன்னலோடு மல்லுக்கட்டி, ஒருமுறை நகம்கூடப் பெயர்ந்திருந்தது.

வீட்டுக்கு வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல், முக்காலியில் ஏறி இடப் பக்கம் ஒரு தட்டு தட்டினாள். ஜன்னல் சத்தமே இல்லாமல் மேலே போனது.

"என் வீடு" என்று ஜினெத் வாய்விட்டுச் சொன்னாள். "என் வீடு, அவ பேச்சைக் கேக்குது."

அந்த முக்காலியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அது ரெயால் தந்த கல்யாணப் பரிசு. கடையில் வாங்கியதில்லை. தானே இழைத்துச் செய்து, பலகையில் அவள் பெயரைச் சுட்டு எழுதியிருந்தான். வந்தவர்கள் எல்லோரும் ஆகா ஓகோ என்றார்கள். ஜினெத்தும் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். ஆனால் அவள் மனசுக்குள் ஒரு வாக்கியம் ஓடிக்கொண்டே இருந்தது. அன்று இரவுச் சாப்பாட்டில் அது வெளியே வந்துவிட்டது.

"அவளுக்கு வீடு. எனக்கு முக்காலி."

ரெயால் கரண்டியைக் கீழே வைத்தான். "இது என்ன பேச்சு?"

"மேடையை இறக்கு."

"அது ஓக் பலகை ஜினெத். ஒரே துண்டு. அலமாரியெல்லாம் சேர்த்துப் பிடிச்சிருக்கு. ஒண்ணை அசைச்சா எல்லாம் ஆடும்."

"ஆடட்டும்."

"கொஞ்ச நாள் போனா பழகிடும்."

"என்ன பழகணும்? அவளா இருக்கறதுக்கா?"

பனி தள்ளுகிறவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. எதிரே குவிந்தது பெரிதாக இருந்தால், வண்டியைப் பின்னால் எடுத்து நிறுத்திவிடுவான். ரெயால் எழுந்து போய்த் தட்டைக் கழுவ ஆரம்பித்தான்.

4

இதுவரை எழுதியதை ஜினெத்துக்கு வாசித்துக் காட்டினேன். தமிழ் அவளுக்குத் தெரியாது. வரிவரியாகப் பிரெஞ்சில் சொன்னேன். உதட்டைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

"ஜன்னல் திறந்ததும் நான் அழுதேனே, அதை ஏன் எழுதலை?"

"அழலைன்னு நீதானே சொன்னே?"

"உங்கிட்ட சொன்னேன். எழுதச் சொல்லலை."

சரி. அழுதாள். முக்காலியில் நின்றபடியே அழுதாள்.

"அப்புறம், அவளுக்கு ஏன் சிவப்புக் குல்லா? எனக்கு ஒரு துணி நிறம்கூடப் போடலை நீ."

உண்மைதான். ஒடீல் கதைக்குள் வந்ததும் என் பேனா அவள் பக்கம் சாய்ந்துவிட்டது. உயரமானவர்கள் கதையிலும் இடத்தை அடைத்துக்கொள்கிறார்கள். நான் ஜினெத்துக்காகக் கட்டத் தொடங்கிய வீட்டில் ஒடீலுக்கு அளவெடுத்து ஜன்னல் வைத்துக்கொண்டிருந்தேன். ஆகவே எழுதிக்கொள்கிறேன்: ஜினெத்தின் கோட்டு கரும்பச்சை, பித்தளைப் பொத்தான்கள் வைத்தது. அவளுக்கு எடுப்பாகவே இருக்கும்.

"இன்னொண்ணு" என்றாள், குரலைத் தாழ்த்தி. "கதைதானே. என்னை ரெண்டு விரல் உயரமா வையேன்."

நினைத்துப் பார்த்தேன். ஒரு வரி போதும். ஆனால் அந்த ஒரு வரியை எழுதினால் கதை இருக்காது. அவளிடம் சொன்னேன்.

"அப்ப நீயும் ரெயால் மாதிரிதான்" என்று எழுந்து போய்விட்டாள்.

5

ஏப்ரலில் ஜினெத் தடித்த அடிக்கட்டை வைத்த செருப்பு ஒன்று வாங்கினாள். இங்கே யாரும் வீட்டுக்குள் செருப்பு போடுவதில்லை. வாசலில் கழற்றிவிடுவோம். அவள் வாசலில் ஒன்றைக் கழற்றிவிட்டு, உள்ளே இன்னொன்றை மாட்டிக்கொள்வாள். மேடை விலாவை விட்டு இறங்கி இடுப்புக்கு வந்தது. கண்ணாடியில் வாய் வந்தது.

கூடவே வேறு சிலவும் வந்தன. கட்டையில் நடப்பதற்கு அடியை அகல வைக்க வேண்டியிருந்தது. விழாமலிருக்க முதுகு நிமிர்ந்தது. ஒரு ஞாயிறு கோழி ஃப்ரிக்கோ கொதித்துக்கொண்டிருந்தது. மாவுருண்டைகளைக் குழம்பில் போட்டபடி அடுத்த அறையில் இருந்த தங்கையைச் சத்தமாகக் கூப்பிட்டாள். ஹ்யூகெத் வந்து வாசலில் நின்று அவளையே பார்த்தாள்.

"என்னடி?"

"ஒண்ணுமில்ல. ஒரு நிமிஷம் ஒடீல்தான் கூப்பிடறாளோன்னு நினைச்சுட்டேன்."

ஜினெத் கரண்டியை வீசவில்லை. (வீசினாள் என்று எழுதி அடித்தேன்.) அடுப்பைத் தணித்துவிட்டு, முகம் காட்டாமலிருக்க ஜன்னல் பக்கம் திரும்பினாள். முக்காலியில் ஏறும்போதெல்லாம் அவள் கண் ஜன்னல் சட்டத்திலோ அலமாரித் தட்டிலோதான் இருந்திருக்கிறது. இப்போது செருப்புக் கட்டைமேல் நின்று, தலையை நேராக வைத்து, முதன்முறையாக அந்த ஜன்னல் எதற்காக வைக்கப்பட்டதோ அதைப் பார்த்தாள்.

பின்பக்கம் காற்றை மறிக்க நட்ட மரவேலி இருக்கிறது. முற்றத்தில் நின்றால் அதற்கு அப்பால் எதுவும் தெரியாது. இந்த உயரத்திலிருந்து வேலியின் தலைக்கு மேலே வளைகுடா தெரிந்தது. தண்ணீருக்கு அப்பால் ஒரு சின்ன வெள்ளை வீடு. அதன் முன்னால் கவிழ்த்துவைத்த படகு. படகுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டு ஒரு ஆள்.

லியோனெல்.

ஹ்யூகெத் என்னவோ கேட்டுக்கொண்டிருந்தாள். ஜினெத்துக்குக் காதில் விழவில்லை. ஒடீல் எப்படிப் போனாள், எங்கே சந்தித்தார்கள், யார் தூது என்று ஊர் பேசியதெல்லாம் வீண். அவளை யாரும் எங்கும் அழைத்துப் போகவில்லை. ரெயாலே அவள் கண்ணை அளந்து, சரியாக அந்த ஆளுக்கு எதிரே கொண்டுபோய் வைத்திருக்கிறான். பத்தொன்பது வருஷம், தினம் மூன்று வேளை, பாத்திரம் கழுவுகிற நேரமெல்லாம்.

அந்த நேரத்தில் அவளுக்குக் கொஞ்சம் சிரிப்புகூட வந்தது. மறுநாள் காலை அது போய்விட்டது. ரெயால் காப்பிக் கோப்பையோடு சிங்க் முன்னால் நின்றிருந்தான். வழக்கமாக நிற்கிற இடம்தான். குதிகாலை லேசாகத் தூக்கியிருந்தான்.

"தினமும் அங்கதான் பார்க்கறியா?"

"கடலைப் பார்க்கறேன்."

"கடல் இருக்கற எடத்துல அவ வீடும் இருக்கே."

"கடலை நகர்த்த முடியாது ஜினெத்."

"உன் குதிகாலை எறக்கலாமில்ல?"

அவன் கீழே பார்த்துக்கொண்டான். தன் கால் தூக்கியிருப்பது அவனுக்கே தெரியாது என்பது முகத்தில் எழுதியிருந்தது. அதுதான் ஜினெத்தை இன்னும் எரித்தது. தெரிந்து செய்தால் சண்டை போடலாம். தெரியாமல் செய்கிற காலோடு என்ன சண்டை போடுவது?

6

இங்கே எனக்குக் கதை நின்றுவிட்டது. சில முடிவுகளை எழுதிப்பார்த்தேன்.

ஒன்றில் ஜினெத் வேலியில் உயரமாக வளரும் மரம் ஒன்றை நடுகிறாள். மரம் வளர்கிறது, அக்கரை மறைகிறது. சுலபமான முடிவு. ஆனால் மரம் வளரும்வரை அவள் என்ன செய்வாள்?

இன்னொன்றில் வீட்டை விற்றுவிட்டு இருவரும் மாடிக்குடியிருப்புக்குப் போகிறார்கள். அங்கே எல்லாம் யாருக்குமே பொருந்தாத பொது அளவு. முதல் நாள் மாலை ரெயால் முத்தமிட வருகிறான். முகவாய் மேலே

வேண்டாம்.

இதற்குள் ஆகஸ்ட் பதினைந்து, இங்குள்ள பிரெஞ்சுக்காரர்களின் திருநாள், வந்துவிட்டது. கதை தானாகவே நடந்துவிட்டது.

அன்று மாலை நாங்கள் எல்லோரும் தெருவில் இறங்கிச் சட்டி, மூடி, கொம்பு, எது கிடைத்ததோ அதைத் தட்டிச் சத்தம் போட்டுக்கொண்டு போவோம். முகத்தில் இங்குள்ள கொடியின் நீலம் வெள்ளை சிவப்பு, கன்னத்தில் மஞ்சள் நட்சத்திரம். ஜினெத் ஃப்ரிக்கோ சட்டியின் மூடியைக் கொண்டுவந்து யார்மீதோ கோபம்போலத் தட்டிக்கொண்டிருந்தாள். ஊர்வலம் அவர்கள் வீட்டருகே வந்தபோது மழை கொட்டியது. கூட்டம் சிதறியது. ஒடீல் தனியாக நனைந்துகொண்டு நின்றாள். லியோனெலுக்கு முழங்கால் வலி, வரவில்லை.

"உள்ள வா" என்றாள் ஜினெத்.

ஏன் கூப்பிட்டாய் என்று பிறகு கேட்டேன். "அவ அந்த வீட்டுல எப்படி நிக்கறான்னு பார்க்கணும்போல இருந்துச்சு" என்றாள்.

வாசலில் ஒடீல் குனிந்து நுழைந்தாள். அந்த வாசலில் குனிய வேண்டியதே இல்லை. அவளுக்காகவே உயர்த்தி வைத்தது. ஜினெத் அதைக் கவனித்தாள். ரெயால் துண்டோடு வந்தான். திருநாள் ஆயிற்றே, கன்னத்தில் முத்தமிட வேண்டும். அவன் முகவாய் மேலே போனது. அதே கணம் ஒடீல் குனிந்தாள். அவன் மூக்கும் அவள் நெற்றியும் மோதிக்கொண்டன.

"ஐயோ!"

"கண்ணு தெரியலையா உனக்கு?"

"நீ எதுக்குக் குனிஞ்சே?"

"லியோனெல் வீட்டுல எல்லா வாசலும் தாழ்வு. இடிச்சு இடிச்சுப் பழகிடுச்சு."

ஜினெத் உறைந்த பட்டாணிப் பையை எடுத்துவந்து ரெயாலின் மூக்கில் அழுத்தினாள், தேவைக்கு மேலேயே. ஒடீல் சமையலறைக்குப் போய் மேடைமேல் உள்ளங்கையை வைத்தாள்.

"இது இவ்வளவு உயரமாவா இருந்துச்சு?"

அவள் ஜன்னல் வழியே பார்த்தாள். மழையில் அக்கரை மங்கலாகத் தெரிந்தது.

"ஊரெல்லாம் என்னென்னவோ சொல்லிச்சு" என்றாள், திரும்பாமல். "நான் யாரையும் தேடிப் போகலை. பாத்திரம் கழுவினேன். கழுவறப்ப கண்ணு எங்கயாவது போகணுமில்ல? அந்த ஆளு படகுக்குப் பெயிண்ட் அடிப்பான். வருஷா வருஷம் அதே படகு. இந்த ஜன்னல் ரெண்டு கை கீழ இருந்திருந்தா நான் வேலியைப் பார்த்துட்டே இருந்திருப்பேன்."

பட்டாணிப் பைக்குப் பின்னாலிருந்து ரெயாலின் குரல் வந்தது. "பாத்திரம் கழுவற மெஷின் வாங்கலாம்னு சொன்னேனே. நீதானே வேணாம்னே."

ஒடீல் மேடையிலிருந்து கையை எடுத்தாள்.

"ஆமா" என்றாள். "நான்தான் வேணாம்னேன்."

இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. ஆனால் அந்த இரண்டு வரியில் பத்தொன்பது வருஷம் இருந்தது. ஜினெத் நடுவே நின்றாள். வேறு யாருடைய வீட்டிலோ நிற்பதுபோல.

ஒடீல் கிளம்பும்போது வாசலில் கிடந்த கட்டைச் செருப்பைப் பார்த்தாள். அது யாருடையது, எதற்கு என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. ஜினெத்தின் காதருகே குனிந்து, மெதுவாகச் சொன்னாள்.

"இதைப் போடாத. இது இல்லாம உனக்கு வானம் மட்டும்தானே தெரியும்? குடுத்து வச்சவடி நீ."

[ஜினெத் இந்த இடத்தில் என்னைத் திட்டினாள். "கதையிலேயே நல்ல வசனம் அவளுக்குத்தானா?" நான் என்ன செய்ய? அவள்தான் சொன்னாள்.]

7

அடுத்த சனிக்கிழமை ரெயால் ரம்பத்தைச் சமையலறைக்குக் கொண்டுவந்தான். இந்த முறை யாரும் கேட்கவில்லை. மேல்பலகையைக் கழற்றிச் சுவரில் சாய்த்தான். அலமாரிகளின் அடியை அறுத்தால் மேடை இறங்கும். எவ்வளவு அறுப்பது என்பதுதான் பாக்கி. பென்சிலைக் காதிலிருந்து எடுத்தான்.

"வந்து நில்லு."

ஜினெத் வெறுங்காலோடு சுவரோரம் வந்து நின்றாள். இந்தத் தருணத்துக்காக எத்தனை நாள் எரிந்திருக்கிறாள். இன்னொருத்திக்குச் செய்ததைத் தனக்கும் செய்கிறான். அதே கை, அதே பென்சில். முழங்கையை மடித்தாள். அவன் கோடு போட்டான். பின்னால் போய்ப் பார்த்தான்.

"தோளைத் தூக்கிட்டு நிக்கறே. எறக்கு."

இறக்கினாள். இரண்டாவது கோடு.

"குதிகால் தரையில படலை."

கீழே பார்த்தாள். படவில்லைதான். ரெயாலின் கால் அன்று நின்றதுபோலவே அவள் காலும் தானாகத் தூக்கி நின்றது. அழுத்தி வைத்தாள். மூன்றாவது கோடு.

"இப்ப கூன் போடறே. கொஞ்சம் இயல்பா நில்லேன் ஜினெத்."

"இயல்பாத்தான் நிக்கறேன்!"

"கல்யாணத்துக்கு முன்னாடி எப்படி நிப்பே?"

அவளுக்கு நினைவில்லை. உண்மையாகவே நினைவில்லை. தன் அம்மா வீட்டு மேடை எந்த உயரம், வாடகை வீட்டு மேடை எந்த உயரம், எதன் முன்னால் எப்படி நின்றாள் என்று ஒவ்வொன்றாக நின்றுபார்த்தாள். ஒவ்வொன்றுக்கும் உடம்பு ஒவ்வொரு விதமாக நின்றது. சுவரில் கோடுகள் ஏறின.

ரெயால் பென்சிலோடு காத்திருந்தான். அவனிடம் எரிச்சல் இல்லை. "சொல்லு, இதுல எது நீ?"

இதுவரைதான் ஜினெத் சொன்னாள். அப்போது கடைக்கு ஆள் வந்தது, போய்விட்டாள். எந்தக் கோட்டில் அறுத்தார்கள் என்று நான் ஒரு வார்த்தை கேட்டால் சொல்லிவிடுவாள். கேட்கவில்லை. கேட்கப்போவதுமில்லை. நான் சொன்னால் அது என் கண்ணுக்குப் பட்ட உயரமாகிவிடும். ரெயால் பென்சிலால், ஒடீல் செருப்பைப் பார்த்து என்று ஏற்கெனவே இரண்டு பேர் அவளை அளந்துவிட்டார்கள்.

நீங்கள் எழுந்திருங்கள். எந்த நாற்காலியில், யார் போட்ட கட்டிலில், யார் வைத்த ஜன்னலோரம் இதைப் படித்துக்கொண்டிருந்தாலும் பரவாயில்லை. சுவரோரம் போய் நில்லுங்கள். தோளை இறக்குங்கள். குதிகால் தரையில் படட்டும். இயல்பாக நில்லுங்கள்.

ஆயிற்றா? அப்படியானால் ரெயாலிடம் நீங்களே சொல்லுங்கள். ரம்பத்தை வைத்துக்கொண்டு காத்திருக்கிறான்.